ஆட்டமும் ஆடுகளமும்

தமிழில் 'ஆட்டம்' என்னும் சொல் பொருள் விரிந்தது. சிறுவர் கிளித்தட்டு மறிப்பதும் ஆட்டம். அண்ணாவியார் மத்தளம் கொட்ட, முடிதரித்த மன்னன் களரியைச் சுற்றி வருவதும் ஆட்டம். உடல் வலிமையைக் காட்டும் விளையாட்டையும், வேடம் புனைந்து நடிக்கும் கூத்தையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் வழங்கினர். பகலில் வயலில் நின்றவனே இரவில் அரசனாக ஆடிய வன்னியிலே இந்தச் சொல்லின் பொருத்தம் நன்கு விளங்கும். முல்லைத்தீவுப் பகுதியில் பெயர்பெற்ற கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்து வளர்ந்தது. அதை ஆடியவர்கள் கமக்காரர். கூத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர்.

வன்னி மக்கள் மறவாத கதை ஒன்று குமுளமுனை அரியாத்தையின் கதை. ஆண்கள் அஞ்சிய மதயானையை அடக்கிக் கட்டிய பெண் அவள் என்று அது கூறும். அவளுடைய புகழைப் பொறுக்காதோர் அவளுக்கு நஞ்சூட்டினர் என்றும் கூறும். அவள் பேரில் எழுந்த ஒப்பாரி 'வேலப்பணிக்கன் ஒப்பாரி' என வழங்குகிறது. அவளது வீரம் பாட்டாகவும் மேடை நாடகமாகவும் மாறியது. உடலால் அருஞ்செயல் புரிந்த ஒருவரைப் பாட்டும் நாடகமும் தேடி வருவது, இங்ஙனம் வன்னிக்குப் புதியதன்று. ஆயின், பாட்டும் நாடகமும் அரியாத்தையின் உயிரைக் காக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இக்காலத்திலே அத்தகைய ஓர் உறவு சறுக்குப் பலகைக்கும் திரைப்படத்துக்கும் இடையே ஏற்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் 'ஸ்கேட்போர்ட்' எனப்படும் நான்கு சில்லுப் பலகையின்மேல் நின்று, வீதியிலும் படிக்கட்டிலும் வித்தை புரிவோர் பலர் உலகெங்கும் உளர். அவர்களுட் சிலர் அதையே தொழிலாகக் கொண்டதோடு நடிகராகவும் பெயர் பெற்றனர். நியூயோர்க் நகரத்து ஏழை இளைஞன் ஒருவனும், மாமல்லபுரக் கடற்கரையில் வளர்ந்த தமிழ்ச் சிறுமி ஒருத்தியும் இவ்வகையில் கருதத்தக்கவர். ஒருவர் கதைப்படத்தில் நடித்தார். மற்றவர் தம் வாழ்வையே சொல்லும் விவரணப்படத்தில் தோன்றினார். படக்கருவி இருவரையும் தேடி வந்தது. அது திரும்பிச் சென்றபின் இருவர் வாழ்வும் வேறு வேறு வழியிற் சென்றன.

முதலில் இப்பலகையின் வரலாற்றை அறிவது நன்று. 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில், அலைமேல் பலகையேறிச் சறுக்கி விளையாடுவோர் இருந்தனர். கடலில் அலை எழாத நாள்களில் அவர்கள் சும்மா இருக்க விரும்பவில்லை. காற்சில்லுகளைக் கழற்றி மரப்பலகையின் அடியில் பூட்டித் தெருவிலே ஓடினர். உலோகத்தாலும் பின்னர் களிமண் கலவையாலும் செய்யப்பட்ட அச்சில்லுகள் ஒரு சிறு கல் தடுக்கினாலும் நின்றுவிடும். ஏறியவன் முன்னே விழுவான். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வேர்தி என்பவர் 'பொலியுரேத்தேன்' என்னும் மீள்தன்மையுள்ள செயற்கைப் பொருளாலான சில்லுகளைப் பலகைக்குக் கொண்டுவந்தார். அவை தரையைப் பற்றிக்கொண்டு ஓசையின்றி ஓடின. சிறு கல்லையும் பொறுத்துக்கொண்டன. அதன் பின்னரே இவ்விளையாட்டு உறுதியாகக் காலூன்றியது.

இன்றைய பலகை எளிய அமைப்புடையது. மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்யப்படுவது. ஏறத்தாழ 8 அங்குல அகலமும் 32 அங்குல நீளமும் கொண்டது. இரு முனைகளும் சற்றே மேல் வளைந்திருக்கும். கால் வழுக்காதபடி மேற்புறத்தில் அரத்தாள் போன்ற கரடுமுரடான தாள் ஒட்டப்பட்டிருக்கும். அடியில் இரண்டு உலோக அச்சுகள், நான்கு சில்லுகள், ஒவ்வொரு சில்லினுள்ளும் குண்டுப் போதிகைகள். அச்சு இறப்பர் வளையத்தின்மேல் அமர்ந்திருப்பதால், உடலை எப்பக்கம் சாய்க்கிறோமோ அப்பக்கம் பலகை திரும்பும். கைபிடியும் இல்லை, தடுப்பும் இல்லை. துவிச்சக்கர வண்டியில் கை செய்யும் வேலை முழுவதையும் இங்கே பாதமும் இடுப்புமே செய்யவேண்டும்.

பலகையோடு மேலே துள்ளுவதே இவ்விளையாட்டின் உயிரான வித்தை. கையால் பிடியாமலும் காலில் கட்டாமலும் பலகை எவ்வாறு மனிதனோடு மேலெழுகிறது என்று காண்போர் வியப்பர். அதில் மாயம் ஒன்றும் இல்லை. முதலிற் குனிந்த உடல் மேல்நோக்கி எழும்புகிறது. அதே கணத்தில் பின்கால் பலகையின் வாலைத் தரையில் அறைகிறது; முன்முனை உயர்கிறது. முன்கால் அக்கரடான தாளின்மேல் உரசிக்கொண்டு முன்னே நகர, உராய்வினால் பலகையின் பின்புறமும் இழுபட்டு மேலே வருகிறது. பாதத்தின் அடியில் ஒட்டியதுபோல் பலகை ஆகாயத்தில் சமநிலை அடைகிறது. 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில் புளோரிடாவைச் சேர்ந்த அலன் கெல்பாண்ட் என்னும் இளைஞர் வளைந்த சுவர்களில் இதைச் செய்துகாட்டினார். அவருடைய செல்லப்பெயரான 'ஒலி' என்பதே வித்தைக்கும் பெயராயிற்று. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரொட்னி முல்லன் அதைச் சமதரையிலும் செய்யலாம் எனக் காட்டினார்.

இதனால் விளைந்த மாற்றம் பெரிது. அதுவரை இவ்விளையாட்டுக்கு நீர் வற்றிய நீச்சற் குளமோ பெருஞ்செலவில் அமைத்த வளைதளமோ வேண்டியிருந்தது. தரையிலிருந்து துள்ளக் கற்றபின் ஊர்த் தெருவே ஆடுகளமாயிற்று. நடைபாதை ஓரம், படிக்கட்டு, அதன் இரும்புக் கைபிடி, பூங்காவின் சீமெந்து ஆசனம் ஆகிய அனைத்தும் வித்தைக்கு இடமாயின. வீட்டு முற்றம் இல்லாத தொடர்மாடிப் பிள்ளைகளும், விளையாட்டுக் கழகத்துக்குச் சந்தா கட்ட இயலாத ஏழைப் பிள்ளைகளும் இதனுள் நுழைந்தனர். இவ்வாறு பிறந்ததே தெருச் சறுக்காட்டம்.

ஒரு விளையாட்டு தெருவுக்கு வந்தால் தெருவின் பூசல்களும் அதனோடு வரும். கட்டட உரிமையாளர் விரட்டுவர், காவலர் மறிப்பர், வழிப்போக்கர் முகஞ்சுளிப்பர். பிள்ளைகள் விழுவர், மணிக்கட்டு முறியும். தலைக்கவசம் அணியாமல் இதிற் பழகுவது அறிவுடைமையன்று. ஆயினும் ஒரே படியைத் தாண்ட நூறுமுறை விழுந்து நூற்றோராம் முறை நின்ற பிள்ளை, வேறெங்கும் கற்க முடியாத ஒரு பொறுமையைக் கற்றுக்கொள்கிறது. இங்கே நடுவர் இல்லை. தோற்கடிக்கவேண்டிய எதிரணியும் இல்லை.

இதைத் தொழிலாகக் கொண்டோர் எவ்வாறு பிழைக்கின்றனர்? நுழைவுச் சீட்டு விற்றுப் பணம் ஈட்டும் விளையாட்டன்று இது. பலகையும் பாதணியும் செய்யும் நிறுவனங்கள் சிறந்த ஆட்டக்காரருக்கு ஊதியம் அளிக்கின்றன. ஆட்டக்காரர் பெயர் பொறித்த பலகை விற்பனைக்கு வரும் நாளே அவர் தொழின்முறை ஆட்டக்காரர் எனக் கொள்ளப்படும் நாள். அப்பலகை விற்பதற்கு அவருடைய வித்தையை மக்கள் காணவேண்டும். ஆகவே தொடக்கத்திலிருந்தே இவ்விளையாட்டு படக்கருவியின் முன்னேதான் வளர்ந்தது. நண்பன் ஒருவன் ஒளிப்பதிவு செய்ய மற்றவன் குதிப்பான். இப்படிப் பழகியோர் திரைப்படத்துக்குச் செல்வது ஓர் அடி தூரமே.

அவ்வடியை வைத்தவர்களுள் ஒருவர் ஹரோல்ட் ஹண்டர். அவர் 1974ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் நியூயோர்க்கிலே பிறந்தார். மன்ஹாட்டன் கிழக்குப் பகுதியில், வருவாய் குறைந்தோருக்கென அரசாங்கம் அமைத்த கம்போஸ் பிளாசா என்னும் தொடர்மாடியில் வளர்ந்த கறுப்பின இளைஞர். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவும், புரூக்ளின் பாலத்தின் அடியில் செங்கல் பதித்த சரிவுகளும் அவருடைய ஆடுகளங்கள். அந்நாளில் சறுக்காட்டத்தின் தலைமை கலிபோர்னியாவிடமே இருந்தது. வெயிலும் மென்மையான தரையும் அங்கே உண்டு. நியூயோர்க்கிலோ குளிர், வெடிப்பு விழுந்த தரை, சனநெரிசல். இவற்றினூடே வேகமாக நெளிந்தோடும் ஒரு தனிப் பாணியை அந்நகரத்துப் பிள்ளைகள் உண்டாக்கினர். 'சூ யோர்க்' என்னும் நிறுவனத்தின் ஆட்டக்காரராக ஹண்டர் அப்பாணியின் முகமானார். அவரது வாய்ச்சாதுரியமும் பகிடியும் அவரது ஆட்டத்துக்கு நிகராகப் பேசப்பட்டன.

வாஷிங்டன் சதுக்கத்தில் கூடிய பிள்ளைகளை லாரி கிளார்க் என்னும் புகைப்படக் கலைஞர் கண்டார். அவர்களோடு பழகிய ஹார்மனி கொரின் என்னும் இளைஞரைக்கொண்டு கதை எழுதுவித்து, 'கிட்ஸ்' என்னும் திரைப்படத்தை இயக்கினார். அது 1995ஆம் ஆண்டு வெளியாயிற்று. பெற்றோர் கண்காணிப்பின்றி நகரத்தில் திரியும் பதின்வயதினரின் ஒரு நாள் வாழ்வை, போதைப் பழக்கமும் எயிட்ஸ் நோயும் சூழ்ந்த நிலையில், ஒளிவு மறைவின்றிக் காட்டிய படம் அது. பெரும் எதிர்ப்பையும் பெரும் பாராட்டையும் ஒருங்கே பெற்றது. ஹண்டர் அதில் தம் சொந்தப் பெயரையே தாங்கிய பாத்திரத்தில் தோன்றினார். அதிற் பங்குகொண்ட இளைஞருட் பலர் முன்பின் நடித்தறியாதவர். நடிப்புப் பள்ளியை மிதித்தறியாதவர்.

படம் உலகெங்கும் ஓடிப் பெரும்பணம் ஈட்டிற்று. அதில் அறிமுகமான குளோயி செவினி, றொசாரியோ டோசன் என்னும் இரு நடிகையர் பின்னர் பெயர்பெற்ற நட்சத்திரங்களாயினர். சறுக்காட்டப் பிள்ளைகளின் நிலையோ வேறு. முதன்மைப் பாத்திரங்களுள் ஒன்றில் நடித்த ஜஸ்டின் பியர்ஸ் அறிமுக நடிப்புக்கான விருதொன்றைப் பெற்றார். ஆயினும் 2000ஆம் ஆண்டில், 25 வயதில், அவர் வாழ்வு முடிந்தது. ஹண்டர் மேலும் சில படங்களில் சிறு பாத்திரங்கள் ஏற்றார். உலகெங்கும் பலகையோடு சுற்றினார். 2006ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள், போதைப்பொருளினால் நேர்ந்த மாரடைப்பால், தம் நகரத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 31. படத்தால் தங்களுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறியது என்று அந்நண்பர் குழாத்தினர் சிலர் பின்னாளில் கூறினர். 2021ஆம் ஆண்டு வெளியான ஒரு விவரணப்படம் அவர்கள் கதையை அவர்கள் பக்கத்திலிருந்து சொல்லிற்று.

இதனால் திரைப்படமே தீது என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஜேசன் லீ என்னும் மற்றோர் ஆட்டக்காரரும் உளர். கலிபோர்னியாவில் தொழின்முறை ஆட்டக்காரராகப் புகழ்பெற்று, 1992ஆம் ஆண்டில் நண்பர் ஒருவரோடு 'ஸ்டீரியோ' என்னும் பலகை நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் நடிப்பைத் தம் இரண்டாவது தொழிலாகத் தாமே தேர்ந்துகொண்டார். 2005 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'மை நேம் இஸ் ஏர்ல்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் நாயகர் அவரே. லீ திரைக்குச் சென்றபோது கையில் ஒரு தொழிலும் பெயரும் இருந்தன. ஹண்டரையும் அவர் நண்பரையும் திரை தேடி வந்தபோது அவர்கள் ஏழைப் பதின்வயதினர். வேறுபாடு திறமையில் இல்லை. படம் முடிந்த மறுநாள் பற்றிக்கொள்ள என்ன இருந்தது என்பதிலேயே உள்ளது.

ஹண்டரின் குடும்பத்தாரும் நண்பரும் இதனை உணர்ந்தனர் போலும். அவர் மறைவின் பின் அவர் பெயரால் ஓர் அறநிறுவனத்தை அமைத்தனர். நியூயோர்க்கின் வறிய பிள்ளைகள் சறுக்காட்டம் பயிலவும் அதன் வழியே வேலைக்கும் கல்விக்கும் வழிதேடவும் அது துணைபுரிந்து வருகிறது. அவர் ஆடிய பாலத்தடிச் சரிவுகளுக்கும் ஒரு கதை உண்டு. பாலத் திருத்த வேலைக்காக 2010ஆம் ஆண்டில் அவ்விடம் அடைக்கப்பட்டது. ஆட்டக்காரர் விடாது முறையிட்டதன் பயனாக 2023ஆம் ஆண்டில் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதியோரக் கலையரங்கக் கட்டடத்தின் அடித்தளமும் அவ்வாறே. 1970ஆம் ஆண்டுகள் முதல் பிள்ளைகள் சறுக்கியாடிய அவ்விடத்தைக் கடைகளாக்க 2013ஆம் ஆண்டில் திட்டமிட்டனர். பல்லாயிரம் மக்கள் எழுத்து மூலம் எதிர்த்தனர். மறு ஆண்டு அவ்விடம் ஆட்டத்துக்கே விடப்பட்டது. ஆடுவோர் தங்கள் நிலத்தை இவ்வாறு காத்துக்கொண்டனர்.

இனி, கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வருவோம். பல்லவர் கற்கோயில்களால் புகழ்பெற்ற மாமல்லபுரம் ஒரு மீனவர் ஊருமாகும். அலைச்சறுக்குப் பழக வந்த வெளிநாட்டாரைப் பார்த்து, அங்கும் அயலிலுள்ள கோவளத்திலும் மீனவ இளைஞர் அவ்விளையாட்டைக் கற்றுக்கொண்டனர். அலைப்பலகையைத் தொடர்ந்து சில்லுப் பலகையும் அங்கே வந்தது. அவ்வூரிலே கமலி மூர்த்தி என்னும் சிறுமி வளர்ந்தாள். கடற்கரையில் உணவு விற்றுத் தாயார் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தார். பலகை ஒன்று கைக்குக் கிடைத்தபோது கமலி மிகச் சிறு பிள்ளை. சட்டை பறக்க, வெறுங்காலோடு சரிவில் இறங்கும் அச்சிறுமியின் படம் ஒன்றை, சறுக்காட்ட உலகின் பெரும் பெயரான டோனி ஹோக் தம் இணையப் பக்கத்தில் பகிர்ந்தார். உலகின் கண் மாமல்லபுரத்துச் சிறு சரிவொன்றின்மேல் விழுந்தது.

நியூசிலாந்தைச் சேர்ந்த சாஷா ரெயின்போ என்னும் இயக்குநர் அவ்வூருக்கு வந்து 'கமலி' என்னும் குறு விவரணப்படத்தை எடுத்தார். ஊரில் பலகையேறும் ஒரே பெண்பிள்ளையாக அந்நாளில் கமலி இருந்தாள். படம் அவளை மாத்திரம் காட்டவில்லை. அவளுடைய தாயாரையும் காட்டியது. தமக்குக் கிடையாத விடுதலை தம் மகளுக்குக் கிடைக்கவேண்டும் என எண்ணிய ஒரு தாயின் மனமே அப்படத்தின் பொருள். 'பெண்பிள்ளைக்கு இது எதற்கு? விழுந்து காயப்பட்டால் நாளை யார் கட்டுவார்?' என்னும் ஊர்ப்பேச்சு மாமல்லபுரத்துக்கு மாத்திரம் உரியதன்று. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எந்தத் தாயும் அதைக் கேட்டிருப்பாள்.

2020ஆம் ஆண்டு பிரித்தானிய திரைப்படக் கழகத்தின் சிறந்த குறும்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்து படங்களுள் 'கமலி'யும் ஒன்று. பரிசு பெற்றதோ, காபூல் நகரத்துச் சிறுமியர் சறுக்குப் பலகை பயில்வதைச் சொல்லும் மற்றொரு படம். கரோல் டைசிங்கர் இயக்கிய அப்படம் அதே மாதம் ஒஸ்கார் விருதையும் பெற்றது. ஒரே பட்டியலில், ஒரே விளையாட்டைப் பற்றிய, ஆசியச் சிறுமியரின் கதைகள் இரண்டு இடம்பெற்றமை வியப்புக்குரியது.

காபூலின் கதை வன்னி நேயர்க்குப் புரியாததன்று. போர் என்றால் யாது என்பதை இந்த மண் அறியும். 2007ஆம் ஆண்டில் ஒலிவர் பேர்கோவிச் என்னும் அவுஸ்திரேலியர் மூன்று பலகைகளோடு காபூலுக்குச் சென்றார். அவர் தொடங்கிய 'ஸ்கேட்டிஸ்தான்' என்னும் அமைப்பு பலகையோடு எழுத்தறிவையும் கற்பித்தது. துவிச்சக்கர வண்டி ஓட்டுவது பெண்களுக்குத் தகாது எனக் கருதிய அச்சமூகத்தில், சறுக்குப் பலகையைத் தடுக்க எவரும் எண்ணவில்லை. அது எவரும் அறியாத புதுப்பொருள். ஆதலால் அதற்கெதிராக வழக்கம் எதுவும் இருக்கவில்லை. 2012ஆம் ஆண்டு காபூலில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் மாண்ட பிள்ளைகளுள் அங்கே பலகை பயின்றோரும் இருந்தனர். 2021ஆம் ஆண்டு தலிபான் ஆட்சி திரும்பியபோது அந்நாட்டுப் பள்ளிகளை அவ்வமைப்பு மூடவேண்டியதாயிற்று. திரைப்படத்துக்குப் பரிசு கிடைத்து இரண்டாண்டும் நிறையவில்லை. பரிசு நிலைத்தது, ஆடுகளம் நிலைக்கவில்லை.

கமலியின் வாழ்வில் ஆடுகளம் நிலைத்தது. படம் எடுத்தோர் சென்றபின்னும் கடல் அங்கேயே இருந்தது. பழக்கிவிடும் மீனவ இளைஞரும் இருந்தனர். கமலி சில்லுப் பலகையிலிருந்து அலைப்பலகைக்கு ஏறினாள். இந்திய தேசிய அலைச்சறுக்குப் போட்டிகளில் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் பட்டங்கள் வென்று முன்னணி வீராங்கனையானாள். கலிபோர்னியாவில் அலையிலிருந்து தெருவுக்கு வந்த விளையாட்டு, ஒரு தமிழ்ச் சிறுமியின் காலடியில் தெருவிலிருந்து மீண்டும் அலைக்குத் திரும்பியது. ஒரு படத்தின் நாயகி என்பதோடு அவள் பெயர் நின்றுவிடவில்லை. இன்று தன் சொந்தத் திறமையாலேயே அறியப்படுகிறாள். 2025ஆம் ஆண்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது.

இந்தியாவில் மேலும் ஒரு நற்செய்தி உண்டு. 2021ஆம் ஆண்டு வெளியான 'ஸ்கேட்டர் கேர்ள்' என்னும் கதைப்படத்தை மஞ்சரி மகிஜானி இயக்கினார். ராஜஸ்தானத்துக் கிராமச் சிறுமி ஒருத்தி பலகையால் விடுதலை காணும் கதை அது. நாயகியாக ரேச்சல் சஞ்சிதா குப்தா நடித்தார். அரசியாக முதுபெரும் நடிகை வஹீதா ரஹ்மான் தோன்றினார். படத்துக்காக உதயப்பூர் அருகிலுள்ள கேம்பூர் கிராமத்தில் ஏறத்தாழ 15,000 சதுர அடியில் சீமெந்துச் சறுக்குகளம் கட்டப்பட்டது. படப்பிடிப்புக்கென எழுப்பும் கட்டடங்களை வேலை முடிந்ததும் இடித்துவிடுவதே வழக்கம். இங்கே அவ்வாறு செய்யவில்லை. களத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கே விட்டுச் சென்றனர். நடிக்க வந்த பிள்ளைகள் ஆடவும் தொடர்ந்தனர். திரைப்படம் ஓர் ஊருக்குச் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே.

சறுக்காட்டம் வீண் விளையாட்டு என்று தள்ளிவிடும் காலமும் கடந்துவிட்டது. 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவில் அது முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே பெண்கள் தெருச் சறுக்காட்டத்தில் தங்கம் வென்ற யப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வென்ற பிறேசில் நாட்டு ரெய்சா லியாலுக்கும் வயது 13. வேறு எந்த மேடையில் பள்ளிச் சிறுமியர் இருவர் உலக அரங்கின் உச்சியில் நிற்க இயலும்?

இவ்வரலாறு வன்னிக்குக் கூறுவது யாது? இங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது, பிள்ளை ஒன்று அச்சமின்றிக் கால்வைக்கும் நிலம் அரிதாயிருந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள முகமாலை, உலகில் கண்ணிவெடிகள் மிகச் செறிந்து கிடந்த இடங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. மண்ணை அங்குலம் அங்குலமாகத் தடவி வெடிகளை அகற்றியோருள் வன்னிப் பெண்கள் பலர். கணவரை இழந்தோரும் குடும்பச் சுமையைத் தனியே தாங்கியோரும் அவர்களுள் இருந்தனர். மதயானையைக் கட்டிய அரியாத்தையின் வீரத்துக்கு அவர்களுடைய வீரம் குறைந்ததன்று. 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. ஏ-9 வீதி புதுத் தார் பூண்டது. முன்பு செம்மண் புழுதி பறந்த ஒழுங்கைகள் பலவற்றில் இன்று கொங்கிறீற்று இடப்பட்டுள்ளது.

சில்லுப் பலகைக்கு வேண்டுவது இத்தகைய வழுவழுப்பான தரையே. ஆனால் வீதி வாகனங்களுக்குரியது. ஏ-9 வீதியிற் பிள்ளைகளைச் சறுக்கவிடுதல் எவர்க்கும் தகாது. பள்ளி முற்றத்திலோ சனசமூக நிலையத்தின் பின்புறத்திலோ சீமெந்திட்ட ஒரு சதுரமும், தச்சன் செய்யும் ஒரு சிறு சரிவும், தலைக்கவசங்களும், மாலையில் வந்து நிற்கும் பொறுப்புள்ள ஒருவரும் இருந்தாற் போதும். சறுக்குப் பலகைதான் என்பதில்லை. கிளித்தட்டாயினும் கரப்பந்தாயினும் கூத்தாயினும் இம்முறை பொருந்தும். கூத்துக்குக் களரி எவ்வளவு இன்றியமையாததோ விளையாட்டுக்கு நிலமும் அவ்வளவு இன்றியமையாதது. களரியை ஆண்டுதோறும் கூட்டிப் பெருக்கிக் காப்பாற்றிய ஊர்களிலேயே கூத்து நிலைத்தது.

நாளை ஒருநாள் படக்கருவி வன்னிக்கும் வரலாம். வெறுங்காலோடு ஓடும் ஒரு பிள்ளையின் முகம் உலகெங்கும் செல்லலாம். அது மகிழத்தக்கதே. ஆனால் படம் எடுத்தோர் விடைபெற்றுச் சென்ற மறுநாட் காலையிலும், அப்பிள்ளை பலகையை எடுத்துக்கொண்டு செல்ல ஓர் இடம் இருக்கவேண்டும். விழுந்தால் தூக்கிவிட ஒரு கை இருக்கவேண்டும். ஹரோல்ட் ஹண்டருக்கு அது காலங்கடந்தே வந்தது. கமலிக்கு உரிய காலத்தில் இருந்தது. வன்னிப் பிள்ளைகளுக்கு அதை அமைத்துக் கொடுப்பது, அவர்களுடைய ஊரவர்க்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.